ஐயர், தாடா!

இன்று காலை நம் லைன் வீடுகளின் வரிசையில் அந்தக் கூவல் மறுபடி கேட்டது. "ஆயர் தாடா! ஆயர் தாடா!" குழாயை மூடப்போகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அன்று, முதல்முறை அதைக் கேட்டபோது, கைக்குழந்தையோடு கப்பலிலிருந்து இறங்கி, இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டுக்கு நான் வந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. தண்ணீர் இல்லை என்பதைத்தான் குழாயை மூட வந்த மலாய்க்காரர் தம் பாஷையில் "ஆயர் தாடா" என்று கூவிக்கொண்டு போனார். என் காதில் விழுந்ததோ "ஐயர், தாடா!" கோயில் ஐயரையா இப்படிப் பேசுகிறார் என்று கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன். குடம் காலியாகவே கிடந்தது.

மத்தியானம் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. துணி நனைக்கத் தண்ணீர் இல்லை, கஞ்சிக்கும் இல்லை. குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. பக்கத்து வீட்டுக்கு, உன்னிடம் ஓடிவந்து நடந்ததைச் சொன்னேன்.

"ஐயரைத் திட்டுறாங்கன்னு கதவைச் சாத்துனியாடி?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்தபடியே உன் ஒரே குடத்தை இடுப்பில் தூக்கினாய். எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் உன் வீட்டுக்காரர் குளிக்க வைத்திருந்த தண்ணீர் அது.

"அவரு கரியோட வந்து நிப்பாரேடி?" என்றேன்.

"கரி நாளைக்குப் போவும். காய்ச்சல் காத்திருக்குமா?"

ஒரு சொட்டு வீணாக்கவில்லை நீ. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினாய். புது விறகு வைக்காமல், உன் அடுப்பில் மீந்த தணலிலேயே கஞ்சி வெந்தது. உன் வீட்டுக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு படுத்தார். விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது. அந்தப் பயல் இப்போது என்னைவிட உயரம்.

பிறகு கிள்ளானுக்கு ரயிலில் போகும்போதெல்லாம், "வீடு சேர்ற வரைக்கும் கூஜாவைக் காலி பண்ணாதடி. ஐயர் கோவிச்சுக்குவாரு," என்பாய். நானும் முறைப்பேன். கேலியிலேயே காலம் போய்விட்டது. என் பிள்ளையைக் காப்பாற்றினாய் என்று ஒருநாளும் உன்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுதான் நெஞ்சில் உறுத்துகிறது.

இன்று கூவல் கேட்டதும் இரண்டு குடம் பிடித்து வைத்தேன். நீங்கள் இருந்த வீட்டுக்குப் போன வாரம் ஊரிலிருந்து ஒருத்தி புதிதாகக் குடிவந்திருக்கிறாள், கைக்குழந்தையோடு. குழாய் நின்ற பிறகு வெறும் குடத்தோடு என் வாசலில் நின்று கேட்டாள்:

"ஐயரை யாருக்கா திட்டிட்டுப் போறாங்க?"

உன்னைப் போலச் சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் வாசற்படி ஏறினேன்.