கருமாதிக்குப் பிறகு ஒரு தேதி

டிசம்பர் 3, 2025. புதன். சிதம்பரம்.

மழை விட்டபாடில்லை. வாய்க்கால் தண்ணீர் தெருவுக்கு ஏறிவிட்டது. அம்மா படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிகிறது, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். ரத்தினம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தச் சொம்பைத்தான் எட்டிப் பார்க்கிறார்.

"பாத்தியா, ஒரு வெரக்கட கொறஞ்சிருக்கு. வந்து குடிச்சிட்டுத்தான் போயிருக்கா."

தண்ணீர் தானாக வற்றும் அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவும் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொம்பை மறுபடி நிரப்பி வைத்தேன்.

அமெரிக்காவில் கொலம்பஸிலிருந்து நான் மட்டும்தான் ஓடி வந்தேன். புருஷன் சித்தார்த்தின் விசா முத்திரையும் என்னுடையதைப் போலவே காலாவதி. அங்கேயே இருக்கிறவரை பரவாயில்லை, வெளியே வந்தால் புது முத்திரை குத்தித்தான் திரும்ப முடியும். மகள் நேயா அங்கே பிறந்தவள், அவள் இந்தியா வரவே விசா வேண்டும். மூன்று பேரும் மாட்டிக்கொள்ள வேண்டாம், ஒருத்தி போய்விட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். மூன்றரை வயதுப் பிள்ளையிடம், "பாட்டிய பாத்துட்டு ஓடியாந்துர்றேன்" என்று சொன்னேன். பாட்டியை ஐஸ் பெட்டிக்குள் பார்த்தேன்.

டிசம்பர் 5.

வீட்டில் சண்டை. பத்தாம் தேதி சென்னையில் எனக்கு விசா நேர்காணல். முன்பெல்லாம் புதுப்பிக்கிறவர்கள் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் போதும். செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள், நேரில் போய் நிற்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் யாரோ விட்டுக்கொடுத்த இடம் ஒன்று கண்ணில் பட்டது, பிடித்துப் போட்டுவிட்டேன். அம்மாவின் கருமாதி பன்னிரண்டாம் தேதி.

அத்தை கையை விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "காரியம் முடியாம சொந்த வேலைன்னு வாசலத் தாண்டக் கூடாதுடி. அவ பின்னாலயே வந்துருவா."

கடலூரிலிருந்து ஆரோக்கியராஜ் மாமா போனில் கத்தினார். என் அக்கா வீட்டுக்காரர். மாதா கோயில் குடும்பம், தீட்டு கீட்டு எல்லாம் அவரிடம் கிடையாது. "அனு, நான் சொல்றதக் கேளு. கார எடுத்துக்கிட்டு வர்றேன். வெடிகாலைல போறோம், சாயந்தரம் வந்துர்றோம். அவனுங்க ரூல்ஸ நாளைக்கி எப்பிடி மாத்துவானுங்கன்னு அவனுங்களுக்கே தெரியாது."

அப்பா கடைசியில்தான் பேசினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது. "ரெண்டு நாள் கழிச்சிப் போயேம்மா. வெள்ளக்காரன் ஓடியா போயிடப் போறான்?"

பதினேழாம் தேதிக்கு மாற்றினேன். மாற்றுவது அத்தனை சுலபமாக இருந்தது.

டிசம்பர் 9. செவ்வாய்.

மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதினைந்தாம் தேதிக்கு மேல் உள்ளவர்களின் நேர்காணல்களைத் தள்ளிவிட்டார்களாம். விண்ணப்பிக்கிறவர்கள் இணையத்தில் எதை எழுதினார்கள், எதற்குத் தலையாட்டினார்கள் என்று இனிமேல் துருவிப் பார்க்கப் போகிறார்களாம், அதற்கு நேரம் பிடிக்குமாம். எனக்கு ஏப்ரல் இருபத்தொன்று.

நான் இணையத்தில் போட்டதெல்லாம் நேயாவின் பிறந்தநாள் கேக்கும் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பும்தான். துருவிக்குங்கடா நல்லா.

நாளைக்குப் பத்தாம் தேதி. நாளைக்கு நேர்காணல் உள்ளவர்களுக்கு ஒரு தடையும் இல்லையாம். என் இடத்தில் யாரோ ஒருத்தி போய் நின்று, கை ரேகை வைத்து, சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். ஐயோ. ஐயோ, ஏன் மாத்துனேன்? மாமா கார எடுத்துக்கிட்டு வர்றேன்னு சொன்னாரே!

அப்பாவிடம் சொல்லவில்லை. காரியம் முடியட்டும்.

டிசம்பர் 12.

கருமாதி முடிந்தது. விளக்கைக் குளிரவைத்தார்கள், சொம்பைக் கவிழ்த்தார்கள். "இனிமே அவ போயிட்டா, இங்க இல்ல" என்றார் அத்தை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சாப்பாடு முடிகிற நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "ஏப்ரலா?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 16.

மாலை ஆறரைக்கு பீரோவுக்குள் போன் அடித்தது. அம்மாவின் போன். அப்பா தினமும் அதற்கு சார்ஜ் போட்டு வைப்பது எனக்குத் தெரியாது. அங்கே காலை எட்டு மணி, நேயா பள்ளிக்குக் கிளம்பும் நேரம். பாட்டி படத்தை அமுக்கிக் கூப்பிடுவது அவள் பழக்கம். நாங்கள் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

எடுத்தேன். திரையில் என் மகள் முகம். என்னைப் பார்த்ததும் கோபம். "அம்மா, தள்ளு. பாட்டி எங்க? ஐ வான்ட் பாட்டி."

தள்ளினேன். பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஓகே பாட்டி, பை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குழந்தைகள் சும்மா சொல்வார்கள். சும்மாதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை.

ஜனவரி 8, 2026. வியாழன்.

இதுவரை இங்கிருந்தே வேலை பார்க்கவிட்டார்கள். இன்று மேலாளர் ராபர்ட் கூப்பிட்டார். நல்ல மனிதர், என்னிடம் கண்ணைப் பார்த்துப் பேசத்தான் முடியவில்லை அவரால். நான் இந்தியாவில் உட்கார்ந்து ரொம்ப நாள் வேலை செய்தால் கம்பெனிக்கே இங்கே வரி விவகாரம் வருமாம். மடிக்கணினியின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ஏப்ரல் வரை சம்பளமில்லாத விடுப்பு.

என் வேலை இருந்தால்தான் என் விசா. என் விசா இருந்தால்தான் சித்தார்த்தும் அங்கே இருக்கலாம். "நான் உன் வால புடிச்சிக்கிட்டுத் தொங்குறவன்டி" என்று கல்யாணமான புதிதில் கிண்டல் செய்வான். இன்றைக்கும் அதையே சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 15.

துக்க வீடு, பொங்கல் இல்லை. தெருவெல்லாம் கரும்பு.

ஜனவரி 24. சனி. கடலூர்.

இரண்டு நாள் அக்கா வீட்டில். மாமா எறால் ஏற்றுமதி ஷெட்டில் மேற்பார்வை. அமெரிக்காவில் வரியை ஏற்றியதிலிருந்து ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டது, எறால் உரிக்கிற பெண்களில் பாதிப் பேரை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். "ஒன்ன அங்க போவ உடமாட்றான், எங்க எறாலையும் உள்ள உடமாட்றான். ரெண்டு பேரும் ஐஸ்லயே கெடங்க" என்றார் மாமா. அக்கா அவரை முறைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். அம்மாவின் அஸ்தியை இங்கேதான் கரைத்தோம். காலை நனைக்க மாட்டேன் என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை சொன்னது மண்டைக்குள் ஓடுகிறது: "அவளுக்கு ஒன்ன உட மனசில்ல. அவதான் புடிச்சி வெச்சிருக்கா." விதியை மாற்றியது வாஷிங்டனில் யாரோ. எனக்குத் தெரியாதா? ஆனால் போன வருடம் அம்மா அனுப்பிய குரல் பதிவு என் போனில் இருக்கிறது. "ஒரு தடவயாச்சும் பத்து நாள் சேந்தாப்புல இருந்துட்டுப் போயேன் அனு. வந்ததும் தெரியல போனதும் தெரியல."

இருந்துட்டேனேம்மா. போதுமா? எம் புள்ள அங்க இருக்கும்மா, வுட்டுடும்மா.

பிப்ரவரி 6. சிதம்பரம்.

வரி பற்றிக் கேட்க மேலவீதியில் ஆடிட்டர் செந்தமிழ்செல்வனிடம் போனேன். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். "மார்ச் வரைக்கும் நீங்க வெளிநாட்டுக்காரங்க மேடம். அதுக்கப்புறமும் இங்கயே இருந்தீங்கன்னா அடுத்த வருசக் கணக்குல இந்த ஊர்க்காரங்க ஆயிருவீங்க" என்றார். நான் இந்த ஊர்க்காரி இல்லாமல் வேறு எந்த ஊர்க்காரி? அங்கே போனால் 'நீங்கள் எந்த ஊர்' என்று கேட்கிறார்கள். இங்கேயும் கேட்கிறார்கள், காகிதத்தில்.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கூடத்திலிருந்து, "மங்கலம், அந்தக் கண்ணாடிய எடுத்தா" என்றார். அம்மா பெயர். நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

பிப்ரவரி 11.

நேயாவுடன் பேச்சு இப்போது இவ்வளவுதான்: சாப்ட்டியா? சாப்ட்டேன். என்னா சாப்ட்ட? பாஸ்டா. ஸ்கூல்ல என்னா? நத்திங். பை.

என் அம்மாவிடம் அவள் இப்படித்தான் பேசுவாள். அம்மா உட்காரும் அதே நேரத்தில், அம்மா கேட்ட அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்பு 'எப்ப வருவ' என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். இப்போது கேட்பதில்லை.

பிப்ரவரி 18.

மறுபடியும் மின்னஞ்சல். ஏப்ரல் நேர்காணலும் போயிற்று. அடுத்த ஆண்டு ஜனவரியாம்.

பிப்ரவரி 27. வெள்ளி.

வேலை போய்விட்டது. ராபர்ட் வருத்தப்பட்டார். வேறு கம்பெனி எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுப் பார்த்தேன். வெளியில் இருப்பவர்களுக்குப் புதிதாக விண்ணப்பம் போட்டால் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்பது இப்போதைய விதி. எனக்காக எவன் கட்டுவான்?

கூடத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாம்மா போவேணான்னேன்" என்றார். "நீ ஒண்ணும் பண்ணலப்பா" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம்கூட ஈரம் இல்லை. அது அவருக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 10. செவ்வாய்.

சித்தார்த் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான். ஏப்ரல் முடிவதற்குள் கிளம்பிவிடுவது நல்லதாம். "காரு, கட்டிலு, எல்லாத்தையும் வித்துட்டு வந்துடுறோம். புள்ள ஒங்கிட்ட வந்தாப் போதும்" என்றான். பத்து வருட வாழ்க்கை, நாலு பெட்டி. சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கும் கத்த ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

நேயாவுக்கு இந்திய விசா போட்டிருக்கிறான். ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான் தங்கலாம். என் பிள்ளை என் அப்பா வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்று இங்கேயும் ஒரு விதி. பிறகு அவள் இங்கேயே இருக்க வேறு அட்டை வாங்க வேண்டும். வாங்குவோம். வரிசையில் நிற்கிறது இப்போது எனக்குப் பழகிவிட்டது.

ஏப்ரல் 1.

இன்றிலிருந்து இங்கேயே இருந்தால் வரிக்கணக்கில் நான் சிதம்பரத்துக்காரி. வாழ்த்து சொல்ல ஆளில்லை.

ஏப்ரல் 25. சனி.

சென்னை விமான நிலையம். மாமா கார் எடுத்துக்கொண்டு வந்தார், இந்த முறை நான் மறுக்கவில்லை. தூரத்தில் சித்தார்த் தெரிந்தான், இளைத்துக் கறுத்து. அவன் காலைக் கட்டிக்கொண்டு என் மகள். வளர்ந்திருக்கிறாள், முன் பல் ஒன்று உடைந்திருக்கிறது, எனக்குச் சொல்லவேயில்லை. ஓடினேன். அவள் அவன் முட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"தூக்கக் கலக்கம் அனு," என்றான். ஆமாம், தூக்கக் கலக்கம்தான். சிதம்பரம் வரைக்கும் அவன் மடியிலேயே தூங்கிக்கொண்டு வந்தாள். நான் முன் இருக்கையில்.

ஏப்ரல் 27. திங்கள்.

நான் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. அறைக்குள் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறாள், என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். வெடுக்கென்று திட்டலாம் என்று வருகிறது, யாரைத் திட்ட? "ரெண்டு நாள்ல ஒட்டிக்கும்" என்கிறார் அத்தை.

மத்தியானம் அடுப்படியில் நிற்கும்போது என் போன் அடித்தது. சித்தார்த்தின் எண். அவன் என் அப்பாவோடு கடைக்குப் போயிருந்தான், போனை வீட்டிலேயே வைத்துவிட்டான் போல. எடுத்தேன். திரை முழுக்க நேயா. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட நான் பார்க்காத சிரிப்பு.

"அம்மா! அம்மா, ஐ கேம் இன் எ பிக் ப்ளேன். தாத்தா வீட்ல பல்லி இருக்கு. ரொம்ப ஹாட்டா இருக்கு." மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரல் போனிலும் கேட்டது, பக்கத்து அறையிலிருந்தும் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அந்த அறை வாசல் வரை போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அவள் முதுகும் பின்னலும் தெரிந்தன. கதவைத் தொட்டேன், தள்ளவில்லை.

"அம்மா, எப்ப வருவ?"

"சீக்கிரம் வந்துடுறேன், கண்ணு."