எல்லோருக்கும் போட்ட சேதி

கோச்சடை,
ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ரோகிணி எழுதுவது. நானும் மகள் மீனாவும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். அழகுபாண்டி அண்ணன் லீவு முடிந்து தோஹா திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பால் சங்கத்தில் என்னைச் செய்தித் தொடர்புக்குப் பொறுப்பாகப் போட்டதைச் சொன்னேன் அல்லவா? யாருக்கு, எதை, எப்போது, எந்த வழியில் சொல்வது என்று அழகாகத் திட்டம் போட்டேன். எழுமலைக் கிளையின் ஆண்டுக் கூட்டத்துக்கு வாட்ஸ்அப் குரூப்பில் அழைப்பு. எல்லோரும் படித்ததாகக் காட்டியது. காளவாசலில் பஸ் பிடித்து, கேசரித் தூக்கோடு போய் இறங்கினேன். வந்திருந்தது நாற்காலிக்காரரும் மைக் செட்காரரும்தான். இன்னொரு தடவை ஆள் சேராவிட்டால் கிளையையே மூடிவிடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையும் எழுமலைக்குப் போய், கிளையில் பால் ஊற்ற வந்த ஒச்சம்மாள் அக்காவிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ஊருக்கே போட்ட சேதி எனக்கு எப்படித் தாயி அழைப்பாகும்? வாசல்ல வந்து ஒரு வார்த்த சொன்னா வரமாட்டனா?" என்றார்.

நம் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டு முத்திருளன் சித்தப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோமே, அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். குங்குமம், வெற்றிலை பாக்கோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். கால் வீங்கிவிட்டது. ஆனால் அடுத்த கூட்டத்தில் நாற்காலி பற்றவில்லை. கிளை பிழைத்தது. அம்புட்டுப் பேரும் என்னைப் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் மீனா டியூஷன் போயிருந்தாள். இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம்தான் குடும்பக் குரூப்பில் உங்கள் சேதி வந்தது. மாசித் திருவிழாவுக்கு வர முடியாது, ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்தாயிற்று என்று. உங்கள் அக்கா அழுகிற பொம்மை போட்டார். சித்தப்பா கட்டைவிரல் போட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். மனசு ரொம்ப வலித்தது மாமா.

சண்டைக்கு எழுதவில்லை. வெயிலில் நிற்கிறவர் நீங்கள். உங்கள் கஷ்டம் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வர முடியாது என்றாலும் அதை எனக்கு முதலில் சொல்லுங்கள். வெற்றிலை பாக்கெல்லாம் வேண்டாம். ரோகிணி என்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள், போதும்.

குலசாமி உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும்
உங்கள் ரோகிணி