பாதித் துப்பாக்கி

செப்டம்பர் 18, திங்கள்

காலைச் சாப்பாடு முடிவதற்குள் என் கணவன் வெர்ல் நான்கு தடவை கேட்டுவிட்டான். கையில் விற்பனைப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு பக்கம். இரண்டாகக் கழற்றி முதுகுப் பையில் போட்டுக்கொள்ளும் சின்னத் துப்பாக்கி. முயலுக்கும் காட்டுக்கோழிக்குமான இருபத்திரண்டு காலிபர் ரகம். விசையை அழுத்த அழுத்த அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளுமாம். இருப்பதிலேயே மலிவு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"அர்டா, இதை வாங்கலாமா? மட்டமான சரக்கா இருக்குமோ?"

"தெரியலையே, வெர்ல்."

"மாட்டுற இடம் ஆடுச்சுன்னா குறி நிக்காது. அதான் யோசிக்கிறேன்."

ஐந்து நிமிடம் போகும். அதே பக்கத்தை எடுத்து, முதல் தடவை பார்ப்பவன் போல: "அர்டா, இதைப் பாத்தியா?"

செப்டம்பர் 19

இன்று ஆறு தடவை.

செப்டம்பர் 23, சனி

தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் பக்கத்துப் பண்ணை ருலன் வேலி முறுக்கும் கொறடு இரவல் கேட்டு வந்தான். வெர்ல் மான் வேட்டைத் துப்பாக்கியோடு வாசலில் நின்றான். தோட்டா போட்டிருந்தது.

"யார்றா நீ? என் வீட்டுப் பக்கம் என்ன சுத்திக்கிட்டிருக்கே?"

நாற்பது வருடச் சிநேகிதன். ருலன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க ஐயா, வழி தவறி வந்துட்டேன்" என்று பின்பக்கமாகவே நடந்து போனான். அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மறுநாள் வெர்ல் குளித்துக்கொண்டிருந்தபோது ஏழு துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ருலன் வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

அன்றிலிருந்து தேடுகிறான். அலமாரி, கொட்டகை, வைக்கோலுக்கு அடியில். "திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கான்" என்று என்னைப் பார்த்துச் சொல்கிறான். அவன் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று கார் சாவி என் சட்டைக்குள் இருக்கிறது. குளிக்கும்போதும் சோப்புப் பெட்டியில்தான். வியாழக்கிழமை தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவனை அடைத்து வைத்திருக்கிறேனா, அவனோடு சேர்ந்து நானும் அடைபட்டிருக்கிறேனா?

செப்டம்பர் 30

கொட்டகைத் தரையைக் கடப்பாரையால் தோண்டியிருக்கிறான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

அக்டோபர் 4, புதன்

ருலன் இரண்டு மணி நேரம் வெர்லோடு உட்கார்ந்திருந்தான் (இன்று அவனை அடையாளம் தெரிந்தது). நான் சால்மன் ஊருக்குப் போய் மாத்திரை வாங்கிவிட்டு, ஏன் என்று தெரியாமலே துப்பாக்கிக் கடைக்குள் போனேன். கல்லாவில் டோரீன். அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"நல்லதானான்னு கேட்டா, இல்லை" என்றாள். "விசை கல்லு மாதிரி கனம். மட்டமான தோட்டா போட்டா சிக்கிக்கும். ஆனா இந்தக் காசுக்கு இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறே?"

எடுத்துக் காட்டினாள். ஒரு பித்தானை அழுத்தித் திருகினாள். குழல் இருக்கும் முன்பாதி அவள் வலக்கையில், பின்பாதி இடக்கையில்.

"குழல் இல்லாம இந்தப் பாதி எதுக்காவது ஆகுமா?" என்று பின்பாதியைக் காட்டிக் கேட்டேன்.

"எதுக்கும் ஆகாது. தொடைக்கிறதுக்கு வேணா ஆகும்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவளுடைய இரண்டு கைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 5

மகள் ஜனெல் பாய்சி நகரத்திலிருந்து போனில் பேசினாள். அந்தத் துப்பாக்கியை வாங்கப் போவதாகச் சொன்னேன். கத்தினாள்.

"ஏம்மா, உனக்கும் சேர்த்து மறந்துபோச்சா? இருந்ததையெல்லாம் வெளிய அனுப்பிட்டு மறுபடி ஒண்ணைக் காசு குடுத்து உள்ள கொண்டுவருவியா?"

அவள் சொல்வது நியாயம். ஆனால் கொப்புளம் கட்டிய கையை அவள் பார்க்கவில்லையே. முப்பத்தோரு வருடம் இந்த மலைச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய கை. சும்மா இருக்கத் தெரியாது அதற்கு.

அக்டோபர் 11

வாங்கிவிட்டேன். ருலனையும் வரச் சொல்லியிருந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் வெர்ல் இரண்டு பாதியையும் வெளியே எடுத்தான். பூட்டினான், கழற்றினான், மறுபடி பூட்டினான். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். "ஆடுது" என்றான். "கொஞ்சம்தான். திருகி இறுக்கிக்கலாம்." அதற்கொரு வளையம் இருந்தது. எனக்குத் தெரியாது, ருலனுக்கும் தெரியவில்லை. அவன் கைக்குத் தெரிந்தது.

பின்னால் மேட்டை ஒட்டித் தக்காளி டப்பாக்களை அடுக்கினோம். ருலன் தோட்டாவை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தான். நான்காவது சிக்கியது. வெர்ல் குழலைத் தரைப்பக்கம் திருப்பி, ஒரே இழுப்பில் வெளியே தள்ளினான். ஒன்பதில் ஏழு டப்பா.

"என்னப்பா, தேறுமா?" என்றான் ருலன்.

"பிளாஸ்டிக் கட்டை. விசை கழுதை மாதிரி அடம் பிடிக்குது. என் அப்பா இதைத் தொட்டிருக்கக்கூட மாட்டாரு." திரும்பி என்னைப் பார்த்தான். "ஆனா வாங்கலாம், அர்டா. வாங்கினது சரிதான்."

ஒரு வருடமாக நான் செய்த எதையும் சரி என்று அவன் சொல்லவில்லை. சமையலறைக்குள் போய் அழுதேன்.

அக்டோபர் 12

குழல் ருலன் வீட்டில். மிச்சத் தோட்டாவும் அங்கேதான். பின்பாதி வெர்லிடம். "குழல் நுனியில குறிமுள் கோணலா இருந்துச்சு, கம்பெனிக்கு அனுப்பியிருக்கேன்" என்றேன். "அப்படியா" என்று என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு எண்ணெயும் துணியும் கேட்டான். கொட்டகைப் பக்கம் போகவில்லை.

அக்டோபர் 20

தினமும் கேட்கிறான், தினமும் கம்பெனி. ஒரே பொய். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதிது, எனக்குத்தான் பழையது. நாற்பத்தாறு வருடத்தில் இவனிடம் நான் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது காலையில் எழும்போதே நாக்கில் தயாராக ஒன்று. வெளியே முதல் பனி. சாலை வழுக்குகிறது, ருலனாலும் தினம் வர முடியாது. நான்கு சுவர், ஒரு பாதித் துப்பாக்கி, ஒரு பொய்.

அக்டோபர் 29, ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

பிற்பகலில் விறகு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அடுப்பறை வாசலில் நிற்கிறான். அந்தப் பாதி தோளில். எனக்கு நேராக.

"யாரு நீ? என் பொண்டாட்டி எங்க?"

"வெர்ல், நான்தான் அர்டா."

"பொய் சொல்லாதே. வெளிய போ. போறியா, சுடட்டுமா?"

முன்னால் குழல் இல்லை, மொட்டைதான். சுடாது என்று தெரியும். தெரிந்தும் விறகை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவன் கண்ணுல நான் இல்லை. அதைத்தான் தாங்க முடியலை. அவன் விரல் விசையை அழுத்தினதைப் பாத்தேன். இரண்டு தடவை. டிக். டிக்.

விறகைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்தேன். கிளம்பிப் போய்விடலாமா? சாவி இருந்தது. ஜனெல் வீட்டுக்கு ஐந்து மணி நேரம். வண்டியைக் கிளப்பினேன். சூடு வந்ததும் அணைத்தேன். முக்கால் மணி கழித்து அவனே கதவைத் திறந்து, "ஏன் குளிர்ல உக்காந்திருக்கே? சூப் ஆறுது பாரு" என்றான்.

குழல் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. ஜனெலிடம் சொல்லவில்லை.

நவம்பர் 2, வியாழன்

காலையில் அவன் முகம் தெளிந்திருந்தது. இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். ஓட்ஸ் கஞ்சியை நகர்த்திவிட்டு, "உக்காரு" என்றான்.

"குழல் ருலன் வீட்டுலதானே இருக்கு?"

பொய் வாய் வரை வந்தது. வெர்லின் குரல் வேறு மாதிரி இருந்தது. "ஆமா" என்றேன்.

"நெனச்சேன். கம்பெனிக்கு அனுப்பினா யாராவது ஒரு பாதியை மட்டும் அனுப்புவாங்களா?"

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"எப்பவோ தெரிஞ்சுது. நடுவுல மறந்திருப்பேன். இப்ப தெரியுது." தன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அர்டா, நான் உனக்கு ஏதாவது பண்ணினேனா?"

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன். விசையை அழுத்தியது வரைக்கும். அவன் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றான் கடைசியில். "நான் கேட்டாலும் குடுக்காதே. அழுது கேட்டாலும் குடுக்காதே. இன்னிக்கு மாதிரி நல்லா பேசறேனே, இப்படிப் பேசிக் கேட்டாலும் குடுக்காதே. அப்புறம், ஜனெலைக் கூப்பிடு. வீட்டுக்கு ஆள் வேணும்னு சொல்லு. நீ தனியா இதைப் பாத்துக்க வேணாம்."

அவன் எதிரிலேயே போன் செய்தேன்.

நவம்பர் 16, வியாழன்

வெர்லைப் பார்த்துக்கொள்ள மாவட்டத்திலிருந்து ஒரு அம்மாள் வருகிறார். வியாழன் பிற்பகல் முழுக்க இருப்பார். இன்று பாட்டுக்குழுவுக்குப் போனேன். குரல் துருப்பிடித்துக் கிடக்கிறது. மேல் சுரத்தில் இருமினேன், யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்தபோது வெர்ல் ஜன்னலோரம் துணியும் எண்ணெயுமாக உட்கார்ந்திருந்தான்.

"அர்டா, இதோட குழல் எங்க?"

"ருலன் வீட்டுல இருக்கு."

"அங்க எதுக்கு?"

"நீதான் அங்கயே இருக்கட்டும்னு சொன்னே."

"நானா?" கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஏதோ காரணமாத்தான் சொல்லியிருப்பேன்" என்று துடைக்க ஆரம்பித்தான்.