டேங்கில் இருக்கும் உன் பெயர்

அருப்புக்கோட்டை,
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரவீணாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு மட்டும் படி ஏறும்போது முழங்கால் படுத்துகிறது, டாக்டரிடம் போவோம் என்றால் தைலமே போதும் என்கிறாள். ஆக்லாந்தில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும், தினமும் விளக்கேற்றும்போது முதல் கும்பிடு அதற்குத்தான். புதன்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ 'சரிப்பா' என்று சொல்லிவிடுகிறாய். மழை இல்லை என்றாலும் சரிப்பா, பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் கல்யாணம் என்றாலும் சரிப்பா. இந்தத் தடவை நான் முழுவதையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தச் சொல்லை நான் கேட்கக் கூடாது, அதனால்தான் கடையில் உட்கார்ந்து தாளில் எழுதுகிறேன். இன்றைக்குக் கடை லீவு, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், பொறுமையாகப் படி.

உன் பைக்கைப் பற்றித்தான் எழுத வேண்டும். போன தீபாவளிக்கு நீ, சும்மா துருப்பிடித்துக் கிடக்கிறது, விற்றுவிடுங்கள் என்றாய். நான், தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன், ஒருத்தரும் தொடவில்லை, பெரிய வண்டி என்பதால் கேட்டு ஆள் வரவில்லை என்றேன். மூன்றுமே பொய் அம்மா. தார்ப்பாய் மாடியில் வடகம் காயப்போட விரித்துக் கிடக்கிறது. கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், ஒருவரிடம் இன்ஜின் சரியில்லை என்றேன், இன்னொருவரிடம் ஆர்.சி. புத்தகத்தை நீ கையோடு கொண்டுபோய்விட்டாய் என்றேன். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓட்டுகிறவன் நான். நீ போகும்போது மீட்டரில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது, இப்போது பதினாறாயிரத்தைத் தாண்டிவிட்டது.

எப்படி ஆரம்பித்தது என்றால், நீ போய் ஆறு மாதம் கழித்து மெக்கானிக் ராம்குமார் கடைக்கு வந்தபோது, வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி விடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி போய்விடும் என்றான். வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் மட்டும் பண்ணினேன். பிறகு தெரு முனை வரைக்கும். பிறகு பெட்ரோல் பங்க் வரைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சுழி வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முதலில் அந்த வண்டி என்னைப் படாத பாடு படுத்தியது. நம் தெருவில் திருப்ப முடியாது, முன்சக்கரம் எங்கேயோ தூரத்தில் இருக்கிற மாதிரி இருக்கும், இரண்டு காலையும் ஊன்றித் தள்ளித் தள்ளித்தான் திருப்ப வேண்டும். ஸ்பீடு பிரேக்கரில் வண்டியின் அடிவயிறு உரசும். ரயில்வே கேட்டில் நின்றால் வலது கெண்டைக்காலில் சூடு அடிக்கும், வேட்டியோடு ஓட்டக் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளத்தில் இறங்கினால் அந்தக் குத்து நேரே நடு முதுகுக்கு வரும். ஆனால் ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கருவேலமும் கரிசலும் தவிர வேறு ஒன்றும் இல்லாத ரோட்டில் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு அறுபதில் விட்டால், அந்தச் சத்தம் ஒரு நிதானத்துக்கு வரும் பார், அப்போது எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது. முப்பத்தைந்து வருடமாக மோட்டாரும் பைப்பும் விற்றுக்கொண்டு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தச் சந்தோஷத்தை உன்னிடமிருந்து பிடுங்கித்தான் நான் அனுபவிக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் ஓட்டினேன்.

நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. உன் சம்பளத்தில் மதுரையில் வாங்கி நீயே நாலு வழிச்சாலையில் ஓட்டிக்கொண்டு வந்தாய். முதல் நாலு மாதம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பலசரக்குக் கடை அருஞ்சுனை ஒரு நாள் காலையில் வந்து, "அண்ணாச்சி, உங்க பிள்ளை பஜாருக்குள்ள காலை நீட்டிக்கிட்டுப் போகுது, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல பட்டா என்ன நினைப்பாங்க" என்று சொன்னார். அவ்வளவுதான். அன்றைக்கே சாவியை வாங்கிக் கல்லாவில் போட்டுப் பூட்டினேன். நீ அழவில்லை, சண்டையும் போடவில்லை. பஸ்ஸில் போனால் யாரோ கொண்டுபோய் விடுகிறார்கள், இதில் நானே போகிறேன்ப்பா, விழுந்தால் நானே எந்திரித்துக்கொள்வேன், அது எனக்கு வேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். நான் வாயை மூடு என்றேன். கடைப் பையன்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சொன்னேன். அடுத்த எட்டு மாதத்தில் நீ ஆக்லாந்துக்குப் போய்விட்டாய், இன்று வரைக்கும் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. வேலைதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல்தான் எழுதக் கை கூசுகிறது. டேங்கின் பக்கவாட்டில் நீ உன் பெயரைச் சின்னதாக எழுதி வைத்திருந்தாய் அல்லவா, அது அப்படியே இருக்கிறது. நம் ஊரில் எந்த வேனை, லாரியைப் பார்த்தாலும் பிள்ளை பெயர் இருக்கும், எழுதினவர் அப்பாவாகத்தான் இருப்பார். அதனால் திருச்சுழி டீக்கடையில் இருப்பவர்கள், மகள் பெயரா ஐயா, பிள்ளை மேல் இவ்வளவு பிரியமா என்று கேட்பார்கள். முதல் தடவை நான் சும்மா சிரித்தேன். இரண்டாவது தடவை ஆமாம் என்றேன். அப்புறம் நாந்தான் வாங்கினேன், அவள் ஞாபகமாகப் பெயர் எழுதினேன் என்று நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நரிக்குடி ரோட்டில் விழுந்தேன். பயப்படாதே, முழங்கையில் சிராய்ப்புத்தான், ஆறிவிட்டது. அறுத்த குதிரைவாலித் தாளைக் கதிரோடு ரோட்டில் பரப்பிப் போட்டிருந்தார்கள், பஸ்ஸும் லாரியும் மேலே ஏறினால் மணி உதிரும் என்று போடுவார்களே, அதுதான். வளைவில் கவனிக்காமல் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன், சக்கரம் வழுக்கி வண்டி அப்படியே சாய்ந்தது. இடது கண்ணாடி உடைந்தது, டேங்கில் ஒரு நசுங்கல். வண்டிக்கு அடியில் என் கால் மாட்டிக்கொண்டது, அந்தக் கனத்தை என்னால் அசைக்கக்கூட முடியவில்லை. தாளைப் போட்டிருந்த, அங்கே விவசாயம் பார்க்கும் பாண்டீஸ்வரன் என்ற சம்சாரிதான் ஓடி வந்து, "எந்திரிக்காதீக ஐயா, காலு மாட்டியிருக்கு, நான் தூக்குறேன்" என்று வண்டியைத் தூக்கி நிறுத்தினார். வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ரோட்டில் பரப்பியது தன் தப்பு என்று அவர் வருத்தப்பட்டார், வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது என் தப்பு என்று நான் சொன்னேன். அப்போது அவரும் உன் பெயரைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன்.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எனக்கும் ஒரு மக இருக்கா ஐயா, மாரீஸ்வரின்னு. அருப்புக்கோட்டையில லேப்புல வேலை பாக்குறா. இதே மாதிரி வண்டி ஒண்ணை வாங்கிக்கிட்டு வந்து நிக்கிறா. நான் சாவியை வாங்கி வச்சுக்கிட்டேன். பத்து நாளா எங்கிட்டப் பேச மாட்டேங்கிறா, பஸ்ஸுலயே வேலைக்குப் போய்ட்டு வாரா. நீங்களும் பெத்தவுகதானே, நான் செஞ்சது சரியா தப்பா, சொல்லுங்க." பிரவீணா, அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானும் உங்களை மாதிரிச் செய்தவன்தான், என் மகள் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தால் அதுவே அவருக்குப் போதும். சொல்லவில்லை. என் மகளை நானே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வண்டி வாங்கிக் கொடுத்தேன், ஓட்டவும் நாந்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். பிறகு, பஸ்ஸில் போனால் யாரோ கொண்டுபோய் விடுகிறார்கள், இதில் பிள்ளை தானே போகிறது, விழுந்தால் தானே எந்திரித்துக்கொள்ளும், அது அதுக்கு வேண்டும் என்று சொன்னேன். ஒரு வார்த்தை மாறாமல் நீ சொன்னதைத்தான் சொன்னேன். என் வாயிலிருந்து வரும்போதுதான் அது எவ்வளவு நியாயமான பேச்சு என்று என் காதுக்கே கேட்டது. அந்த மனுஷன் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "உங்களை மாதிரி எனக்கு யோசிக்கத் தெரியலையே ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடை எங்கே என்று கேட்டார், அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை மாரீஸ்வரி கடைக்கு வந்தாள். வண்டியில்தான் வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்த முகமாக உள்ளே வந்து, அவள் அப்பா கொடுத்தனுப்பிய குதிரைவாலி அரிசிப் பையை மேஜையில் வைத்தாள். "அப்பா சாவியைக் கொடுத்துட்டாக ஐயா, எல்லாம் உங்களாலதான். அக்கா நம்பரைக் கொடுங்க, நான் அவுககிட்ட ஒரு தடவை பேசணும்" என்று கேட்டாள். அருஞ்சுனை பேப்பர் படித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன பொய் தெரியாத மனுஷன், சிரித்துக்கொண்டே, "எந்த அக்கா, பிரவீணாவா? அந்தப் பிள்ளை வாங்கிட்டு வந்த வண்டியைத்தானே அண்ணாச்சி பிடுங்கி வச்சிருக்காரு, அதுல கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளைதானே அது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் கல்லாவைத் திறந்து மூடினேன். "அப்ப அன்னைக்கு எங்கப்பாகிட்டச் சொன்னதெல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டாள். அது என் மகள் என்னிடம் சொன்னது என்றேன். "அக்கா சொன்னப்ப நீங்க என்ன சொன்னீக?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும், கடையில் நின்ற பையன்களுக்கும் தெரியும். நான் குதிரைவாலிப் பையின் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வாரேன் ஐயா என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அறுபத்தொரு வயதில், என் மகளைவிடச் சின்னப் பிள்ளை முன்னால் அப்படித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மத்தியானம் நரிக்குடிக்குப் பஸ்ஸில் போய்ப் பாண்டீஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கோபப்படவில்லை, "அப்ப எம் மகளுக்குச் சாவியை வாங்கிக் கொடுத்தது உங்க மக" என்றார். ஆமாம் என்றேன். வண்டிச் சாவி, ஆர்.சி. புத்தகம் இரண்டையும் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ விற்கச் சொன்னால், நசுங்கலையும் காட்டிச் சொல்லித்தான் விற்பேன். வேண்டாம் என்றால் இருக்கட்டும். நீ சொல்லும் வரைக்கும் நான் அதில் ஏறப் போவதில்லை. எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே, கேட்காமல் எடுத்ததைத் திருப்பி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நேற்று ராத்திரி சாப்பிடும்போது உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டே, நீ அங்கே ஒரு வண்டி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது என்றாள். இதே மாதிரித் தாழ்வான பெரிய வண்டியாம், கடற்கரை ரோட்டில் சனிக்கிழமைதோறும் போகிறாயாம். எனக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். ஏன் என்று கேட்டதற்கு, "கடலைத் தாண்டி வந்தும் சாவியைப் பிடுங்கிருவீகளோன்னு அவளுக்குப் பயமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். முப்பது வயதுப் பிள்ளை, உன் சம்பாத்தியம், உன் ஊர், அங்கேயும் நீ என்னை நினைத்து ஒளித்து ஓட்டுகிறாய். அதைவிட ஒரு அப்பனுக்கு என்ன வேண்டும் வெட்கப்பட.

நல்லா இரு அம்மா. ஆயுளும் ஆரோக்கியமும் குறையாமல் இருக்க அப்பாவின் ஆசீர்வாதம். குளிர்காலத்தில் கைக்கு உறை போட்டுக்கொண்டு ஓட்டு, மழை பெய்த ரோட்டில் வளைவில் முன் பிரேக்கைப் பிடிக்காதே. நீ அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று அம்மா போனில் இருக்கிறதாம். காட்டு என்று கேட்டேன், "அவகிட்டக் கேளுங்க, அவ அனுப்புனா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் உன்னிடம் கேட்கிறேன். மனசு வந்தால் அனுப்பு. வராவிட்டால் அதற்குச் சரிப்பா என்று மட்டும் சொல்லாதே, முடியாது என்றே சொல், கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
வெள்ளத்துரை