இருட்டு என்று சொல்லாத சனிக்கிழமை

என் கண்ணான மிரியத்துக்கு,

நீ போன பிறகு யூத ஜெபாலயத்தின் உதவிக் குழுவில் நான் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் அரிசியும் எண்ணெயும் முட்டையும் கட்டிக்கொண்டு முதியவர்கள் வீடுகளுக்குப் போகிறேன். தன்லியின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்று எனக்குத் தீபாவளி. யூதர்களின் சேவைக் குழுவில் இந்துப் பெண்ணுக்கு என்ன வேலை என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்க ஆள் இருந்தால்தானே?

கடைசி வீடு உன் வீடு. உன் அக்கா ஹன்னாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. என்னை விட்டால் அவருக்கு இந்த யாங்கோனில் யாரும் இல்லை. "அக்காவைப் பாத்துக்க வள்ளி" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு நீ நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டாய். மாட்டிக்கொண்டது நான்.

பாங்காக்கிலிருந்து என் மகன் தினமும் போன் செய்கிறான். மருமகளுக்கு இது ஏழாம் மாதம். அவன் இங்கே வந்தால் பட்டாளத்தில் பிடித்துப் போட்டுவிடுவார்கள். நான் அங்கே போனால்தான் உண்டு. பாஸ்போர்ட் வந்து அலமாரியில் கிடக்கிறது. "பேரப்புள்ளையப் போன்லயே பாத்துட்டு இருக்கப் போறியாம்மா?" என்கிறான்.

போன வாரம் அக்காவிடம் சொல்லியே விட்டேன். "நல்லது வள்ளி, போய்ட்டு வா. புள்ளதான் முக்கியம்" என்றார். ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டிருக்கக் கூடாதா?

உங்கள் ஓய்வுநாளில் விளக்குப் போடவும் கூடாது, போடு என்று அடுத்தவரிடம் கேட்கவும் கூடாது. அதனால் சனிக்கிழமைகளிலும் ஒரு நடை போவேன். நான் போனதும் அக்கா சுவரைப் பார்த்து, "ஒரே இருட்டா இருக்கே" என்பார். நான் எதுவும் தெரியாதவள் போல் சுவிட்சைத் தட்டுவேன். நீயும் இத்தனை வருஷம் அப்படித்தானே என்னை வேலை வாங்கினாய், கள்ளி!

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் மழை கட்டி இருண்டிருந்தது. கரண்ட் இருந்ததால் தெருக் கடைகளில் எல்லாம் விளக்கு எரிந்தது. அக்கா மட்டும் இருட்டில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய் நின்றேன். அவர் வாயே திறக்கவில்லை.

"இருட்டா இல்லையாக்கா?"

"இருக்கட்டும்மா. பழகிக்கிறேன்."

போகாதே என்று அழுதிருந்தால், சண்டை போட்டுக்கொண்டாவது விமானம் ஏறியிருப்பேன். இனி எப்படிப் போவேன்? விளக்கைப் போட்டுவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதேன். உன்மேல் அப்படியொரு கோபம். செத்துப்போய் நீ தப்பித்துவிட்டாய்.

வரவில்லை என்று மகனிடம் இன்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டான்.

அக்கா இருக்கும்வரை இந்த ஊரைவிட்டு நகர மாட்டேன் மிரியம், இது சத்தியம். ஆனால், அக்கா போய்விட்டால் நான் போகலாமே என்று என் மனம் எப்போதாவது நினைத்தால், அதை மட்டும் நீ மன்னிக்க வேண்டும். நேற்றே நினைத்துவிட்டது.

உன் கூடப்பிறக்காத தங்கை,
வள்ளி