கோட்டை யார் பேரில்

நவம்பர் 9, செவ்வாய்

மூன்று நாள் மழைக்குப் பிறகு நேற்று நல்ல வெயில். இன்று மறுபடி மூட்டம்.

முதலில் வெட்கக்கேட்டை எழுதி முடிக்கிறேன். இந்தக் கொப்பியை யாரும் பார்க்கப்போவதில்லை. பத்திரிகையில் வருகிற என் தொடர்கதையின் ஜின்னரசி வேறு யாருமல்ல, என் பெண்சாதி சுலைகா. நெருப்பில் பிறந்தவள், ஏழு கடலுக்கு அப்பால் கோட்டையில் ஆட்சி செய்கிறவள், அதெல்லாம் நான் போட்டது. வீட்டுத் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு, மீன்காரனின் தராசுத் தட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "இது இண்டையான் மீனா, நேத்தையான் மீனா" என்று கேட்பது அவள் போட்டது. குறட்டையும் அவளுடையதே. பன்னிரண்டு அத்தியாயம் அவளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். கற்பனை என்று ஊர் பாராட்டியது.

நேற்று, வெயிலைக் கண்ட சந்தோசத்தில், கூட்டுறவுச் சங்கத்துக் கந்தோரில் வேலை முடித்து சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் என் பலகைப் பெட்டி. அதன் மேல் என் தலையணை. கதவு சாத்தியிருந்தது.

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போகிறான். பெட்டி வெளியே வந்தால் அவனும் வெளியே. என் ஒரே மகனும் போன வருசம் அப்படித்தான் ஒரு பெட்டியோடு சம்மாந்துறைக்குப் போனான்.

கதவைத் தட்டவில்லை. என்னவென்று கேட்பது? சனிக்கிழமை வந்த பத்திரிகையில் பன்னிரண்டாம் அத்தியாயம். ஜின்னரசி குறட்டை விட, கோட்டைச் சுவர் வெடிக்கிறது. கல்முனைச் சந்தை முழுக்கச் சிரிப்பு. மீன்காரன் என்னைக் கண்டதும் தராசை ஒளித்தான். அவள் காதுக்குப் போகாமலா இருக்கும்.

பெட்டியைக் கரியரில் கட்டி, தலையணையைக் கக்கத்தில் இடுக்கி, மருதமுனைக்குத் தங்கச்சி வீட்டுக்கு ஓட்டம். வழியில் மூன்று பேர் ஸலாம் சொன்னார்கள். மூன்று பேரும் தலையணைக்குச் சொன்னார்கள்.

நவம்பர் 10, புதன்

மழை. கந்தோருக்குத் திங்கள் வரை லீவு. தறிச் சத்தம். தங்கச்சி வீட்டு விறாந்தை முழுக்கத் தறி. என் பாய் நூல் மூட்டைகளுக்கு நடுவில். தலையில் பஞ்சு. நரை தெரியவில்லை, அது ஒரு லாபம்.

தங்கச்சி கதீஜா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"காக்கா, என்னத்த செஞ்சிங்க?"

"ஒண்டும் செய்யல்ல. எழுதினன்."

"அதத்தான் கேக்கன்."

அவளுடைய புருசன், இஸ்மாயில் மச்சான், தறியில் இருந்தபடி: "எத்தின நாளெண்டாலும் இரிங்க மச்சான். ஒங்கட ஊடு மாதிரி." பிறகு உள்பக்கம் எட்டிப் பார்த்து, குரலைத் தணித்து: "என்ட ஊடுமில்ல, ஒங்கட ஊடுமில்ல. ரெண்டு பேருக்கும் ஊடு மாதிரிதான்."

பெட்டியைத் திறந்தேன். என் கதைக் காகிதங்கள் மட்டும். உடுத்த ஒரு சாறன்கூட இல்லை. துரத்துகிறவள் உடுப்பையாவது தரக்கூடாதா? மச்சானின் சாறன் கட்டியிருக்கிறேன். அவர் உயரம், நான் கட்டை. சுல்தான் அங்கி மாதிரி நிலத்தில் இழுபடுகிறது.

செய்யவேண்டியவை:
– 13ம் அத். வெள்ளி தபாலில் போகவேண்டும்.
– ஞாயிறு பேச்சு. கல்முனை இலக்கியக்காரர்கள் கேட்டது. தலைப்பு: "மாயக்கதையில் பாத்திர உறவுகள்". இந்த நேரத்தில் எனக்கு இந்தத் தலைப்பு.
– சவர அலகு.
– சுலைகா.

கடைசியை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. அது இல்லாமல் முதல் இரண்டும் நடக்காது.

நவம்பர் 11, வியாழன்

மழை விட்டுவிட்டு. நுளம்புக் கடி.

கோபத்தில் ஒரே இருப்பில் 13ம் அத்தியாயம். சுல்தான் வாளை உருவுகிறான். "என் கோட்டையை விட்டு வெளியேறு" என்கிறான். ஜின்னரசி அழுதுகொண்டு கடலில் இறங்குகிறாள். எழுதும்போது நெஞ்சு குளிர்ந்தது. மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தறியை நிறுத்தினார்.

"கோட்டை ஆர்ட பேருல?"

"என்ன?"

"உறுதிப் பத்திரம் ஆர்ட பேருல எண்டு கேக்கன். ஜின்னட வாப்பா மகளுக்குக் கட்டிக் குடுத்த கோட்டை எண்டு நாலாம் அத்தியாயத்துல நீங்கதானே எழுதின. மறுகா எப்படி இவரு அவள வெளிய போகச் சொல்ற?"

"இது மாயக்கதை, மச்சான்."

"பறக்கிற குதிர வந்திச்சி, நான் ஒண்டும் சொன்னனா? மீன் கதைச்சிச்சி. அதுக்கும் ஒண்டும் சொல்லல்ல. இது நடக்காது."

குசினிக்குள்ளிருந்து தங்கச்சி: "நடக்கவே நடக்காது."

கிழித்தேன். மச்சான் அதில் ஒரு தாளை எடுத்து மடித்துத் தறிக்காலின் ஆட்டத்துக்கு அணை வைத்தார். இந்த மாதம் என் எழுத்து எதற்காவது பயன்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

பேச்சுக்குக் குறிப்பு:
1. குதிரைக்கு எத்தனை சிறகும் வைக்கலாம். வீடு யாருடையது என்பதை முதலில் முடிவு செய்துகொள்.
2. மந்திரத்தால் எதையும் வரவழைக்கலாம் என்றால் வாசிக்கிறவன் தூங்கிவிடுவான். ஒரு வாய்ச் சோறாவது மந்திரத்தால் கிடைக்காமல் இருக்கவேண்டும்.
3. பொல்லாதவளை எழுதும்போது அவள் கையால் நீ தின்ற சோற்றை நினை.

பகல் சோற்றுக்குத் தங்கச்சி வைத்த மீன் ஆணம். உப்புக் கூடிப்போனது. சொல்லவில்லை. விருந்தாளி.

நவம்பர் 12, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை மருதமுனையிலேயே. கல்முனைப் பள்ளிவாசலுக்குப் போனால் சுலைகாவுக்கு மூத்த காக்காமார் வரிசையாக நிற்பார்கள்.

பத்திரிகைக்குத் தந்தி: சுகமில்லை, இந்த வாரம் அத்தியாயம் இல்லை. முதல் தடவையாகப் பத்திரிகைக்கு உண்மை எழுதியிருக்கிறேன்.

தபாற்கந்தோர் வாசலில் எங்கள் ஊர் மீன்காரன், சைக்கிளும் பெட்டியுமாக. என்னை விட அவனுக்குத்தான் கவலை.

"ஒங்கட ஊட்டம்மா நேத்து சூரை மீன் வாங்கினா, காக்கா. அரை றாத்தல்."

வழக்கம் ஒரு றாத்தல்.

"தராசத் தொட்டாவா?"

"இல்ல காக்கா. குடுத்தத வாங்கிட்டுப் பேசாமப் போய்ட்டா. நேத்தையான் மீனா எண்டும் கேக்கல்ல." பெட்டியை மூடிக்கொண்டே, "நேத்தையான் மீன்தான்" என்றான்.

சுலைகா தராசைத் தொடாமல் மீன் வாங்கியிருக்கிறாள். இதைக் கதையில் எழுதினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு தபாற்கந்தோர்ச் சுவரோரம் நின்றேன். மழைதான் முகத்தில் என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. குடை விரித்திருந்தது.

இருபத்துநாலு வருசம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். போக வேறு இடம் இல்லை என்பதல்ல துக்கம். வேறு இடத்துக்குப் போகத் தெரியவில்லை.

நவம்பர் 13, சனி

ஒன்றும் எழுதவில்லை. சவர அலகு வாங்க மறதி. தங்கச்சி: "தாடி வெச்சா ஹஜ்ஜியார் மாதிரி இரிக்கி. சுலைகா மச்சி நம்ப மாட்டா."

நவம்பர் 14, ஞாயிறு, காலை

பேச்சு பத்து மணிக்கு. மச்சானின் சாறனோடு போகமுடியாது. அவருடைய காற்சட்டை, கீழே இரண்டு மடிப்பு.

அதே நாள், பகல்

முடிந்தது. மண்டபத்துக்கு எழுபத்தெட்டில் அடித்த சூறாவளிக்குப் பிறகு போட்ட தகரக் கூரை. மழை கொட்ட, முதல் அரை மணி நேரம் நான் சொன்ன புத்திமதி ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்கள். கதிரை நாற்பது, ஆட்கள் பத்தொன்பது.

மழை ஓய்ந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினார். பாண்டிருப்பு மருத்துவமாது. எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். என் மகன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர்.

"பன்னிரண்டு அத்தியாயமும் வாசிச்சனான். ஜின்னரசி ஏன் கோவப்படுறா எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே."

"அவ ஜின், மிஸ்ஸி. நெருப்புல பிறந்தவ."

"நெருப்பையும் ஆரோ பத்த வைக்கத்தானே வேணும். சுல்தான் அவவிட்ட ஒருக்காலும் கேக்கல்லையே, என்ன கோவமெண்டு. நான் அதைத்தான் ஒவ்வொரு கிழமையும் பாத்துக்கொண்டிருக்கன்."

மற்றப் பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கேட்கத் தோன்றவே இல்லை, சுல்தானுக்கும் எனக்கும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு போய்க் கேட்கப்போகிறேன். பெட்டி இல்லாமல். பெட்டியோடு போனால் கேட்க வந்தவன் மாதிரி இருக்காது.

நவம்பர் 15, திங்கள்

தூறல். எழுதுவது சுலைகா வீட்டு விறாந்தையில். ஆனால் நிம்மதியாக இல்லை. நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

வளவு வாசல் கடப்படியில் நின்று இருமினேன். அவள் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே:

"இஞ்சருங்க, சைக்கிள மழைக்குள்ள விடாதங்க."

ஆறு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை. கேட்டே விட்டேன்.

"ஏன் என்ட பெட்டிய வெளிய வெச்ச?"

"கறையான். சுவரால ஏறி ஒங்கட பெட்டிக் கால் வரைக்கும் வந்திட்டு. கடதாசியத் திண்டா நீங்க செத்து மௌத்தாப் போவீங்க எண்டு வெயிலக் கண்டதும் தூக்கி வெளிய வெச்சன். தலாணியும் ஈரம். பின்வளவுல என்ட பெட்டி, பாய், எல்லாம் காயப் போட்டிருந்தன். பாக்கல்லியா?"

பார்க்கவில்லை. முன்பக்கத்தோடு திரும்பிவிட்டேன்.

"மறுகா வந்து பாத்தா பெட்டியுமில்ல, ஆளுமில்ல. பெட்டியத் தூக்கிட்டுப் போன மனிசனுக்குப் பின்னால போய்க் கூப்பிடுறதா?" கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றாள். அடுப்பு எரியவில்லை.

சோறு போட்டாள். விளைமீன் ஆணம். இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வேறு எந்த மனிதனும் நிறுத்தியிருப்பான். வயிறு நிறைந்த ஆறுதலில் என் வாய் திறந்தது.

"அப்ப ஜின்னரசிக்குக் கோவமில்லியா?"

"எந்த ஜின்?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லிவருகிறாள்: "நீங்க எழுதிற பொய்ய நான் என்னத்துக்கு வாசிக்கிற?" நடிப்பு என்று நினைத்திருந்தேன். மெய்யாகவே ஒரு வரி வாசிக்கவில்லை. ஊரிலும் ஒருவரும் அவளிடம் சொல்லத் துணியவில்லை.

"ஒண்டுமில்ல" என்றேன். அவள் பார்த்தாள். அந்தப் பார்வையை ஒன்பதாம் அத்தியாயத்தில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

பத்திரிகைகள் எல்லாம் அலுமாரித் தட்டுகளில், பீங்கான் கோப்பைகளுக்குக் கீழே விரித்துக் கிடந்தன. ஒவ்வொரு கோப்பையாக இறக்கி வைத்து, கீழே கிடந்த பத்திரிகையை உருவினாள்.

குறிப்பு (பேச்சில் சேர்த்திருக்க வேண்டியது): மன்னிப்புக் கேட்க முன், குற்றம் அவளுக்குத் தெரியுமா என்று விசாரி.

இன்று காலையிலிருந்து வாசிக்கிறாள். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய. பகல் மச்சான் பெட்டியைக் கொண்டுவந்தார், சுலைகாவின் முகத்தைப் பார்த்துத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு தரம் சிரித்தாள். எதற்கு என்று தெரியவில்லை, அதில் சிரிப்பு எதுவும் நான் எழுதவில்லை. பன்னிரண்டாவதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஒரே கேள்வி.

"சுவர் வெடிக்கிற அளவுக்கா?"

நவம்பர் 16, செவ்வாய்

விடிந்ததிலிருந்து அடை மழை. எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் இருந்து எழுதுகிறேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சீனி கூடுதலாகப் போட்டார்.

வேலை விட்டு வந்தேன். வாசற்படியில் பெட்டி. கதவு சாத்தியிருக்கிறது.

இந்த முறை புத்தியோடு பின்வளவுக்கும் போய்ப் பார்த்தேன். அவளுடைய பெட்டி இல்லை. பாய் இல்லை. தலையணை இல்லை. ஒன்றும் காயவில்லை. இந்த மழையில் எது காயும்?

தட்டவா, மருதமுனைக்குப் போகவா? நூல் மூட்டை. உப்பு ஆணம். மிஸ்ஸியைக் கேட்கலாமா?

ஒன்றை எழுத விட்டுப்போனது. பெட்டி நனையவில்லை. அதன் மேல் அவளுடைய குடை விரித்து வைத்திருந்தது, காற்றுக்குப் பறக்காமல் பிடியில் கயிறு கட்டி.