அப்பாவுக்கு வருத்தமில்லை என்று சொன்னது யார்?

என் அன்பு அப்பாவுக்கு,

"பிள்ளை, என்னை ஆர் காட்டிக் குடுத்தது?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்.

கனடா வந்து பிறம்ரனில் வேலைக்குப் போகும்போது கார் அடிபட்டு உங்கள் முதுகு போனது, அந்த வருத்தம் தீரவேயில்லை. இன்சூரன்ஸ் கொம்பனி முதலில் நம்பியது. பிறகு ஒருநாள், "அயலில் விசாரித்தோம், கோயிலில் அரிசி மூட்டை தூக்குகிறீர்களாம்" என்று எல்லாவற்றையும் நிறுத்தியது. சப்பாத்துப் போடக் குனிய முடியாத மனிதர் நீங்கள். அதன்பிறகு கோயிலுக்குப் போகவில்லை, டோர்செட் பார்க்கில் எங்கள் பில்டிங் ஆட்களோடு லிஃப்டில்கூடப் பேசவில்லை. பொய்யன் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தீர்கள்.

போன கிழமை பக்கத்து வீட்டுப் பத்மா அன்ரி இடியப்பம் கொண்டுவந்தா. வழக்கம்போல என் கலியாணப் பேச்சை எடுத்தா.

"நல்ல இடமொண்டு தவறிப் போச்சு பிள்ளை. அப்பா இருக்கேக்க ஒரு தமிழ்ப் பெடியன் வந்து உங்கட குடும்பத்தை விசாரிச்சவன். முதுகு வருத்தத்தைச் சொல்லுவனோ? அப்பாவுக்கு ஒண்டுமில்லை, கோயில்லை அரிசி மூட்டையே தூக்குவார் எண்டு சொன்னனான். ஏனோ பிறகு ஆக்கள் வரேல்லை."

அதே அரிசி மூட்டை.

"கலியாண விசயம் எண்டு அவர் சொன்னவரோ அன்ரி?"

"அதை ஏன் சொல்லவேணும்? குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டை வேறை என்னத்துக்கு விசாரிக்கிறது?"

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அன்ரி கேட்டாவாம். அவர் சிரித்தபடி தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாராம்.

அடுத்த நாளே உங்கள் வழக்கைப் பார்த்த லோயரிடம் ஓடினேன். இங்கே துப்பறிய லைசென்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன்; அது இல்லாமல் துப்பறிந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்ற ஆத்திரம். லோயர் உங்கள் ஃபைலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கூலிக்குத் துப்பறியிற ஆக்களுக்குத்தான் லைசென்ஸ் வேணும் தங்கச்சி. இவர் இன்சூரன்ஸ் கொம்பனியின்ர சொந்த ஊழியர். கொம்பனி வேலையாப் போனால் அவருக்குத் தேவையில்லை. லோயராயிருக்கிற எனக்கும் தேவையில்லை."

ரக்ஸி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். றோட்டோரம் ஹொட்டோக் விற்கவும் வேண்டும். ஒரு மனிதரின் முதுகைப் பற்றிக் கதவு கதவாகக் கேட்க மட்டும் வேண்டாமாம். இது என்ன நியாயம் அப்பா? அந்த ஆள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

லோயர் இன்னொன்றும் சொன்னார். அன்ரி வந்து நடந்ததைச் சொன்னால் உங்கள் வழக்கைத் தொடரலாம், பொய்யன் என்ற பெயரை அழிக்கலாம். ஆனால் தான் என்ன செய்தேன் என்பது அன்ரிக்கு முதலில் தெரியவேண்டும். உங்கள் செத்தவீட்டில் என்னைவிடப் பெரிதாக அழுதவ. எந்த வாயால் சொல்வேன்?

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். ஏசமாட்டேன், அது உங்களுக்கு நான் தரும் வாக்கு. கையைப் பிடித்து நானே கூட்டிக்கொண்டு போவேன். உங்களை ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை அப்பா. எனக்கு ஒரு நல்ல இடம் அமையட்டும் என்றுதான் அன்ரி அப்படிச் சொன்னா. அந்த ஆள் அன்று எங்கள் கதவைத் தட்டியிருந்தால், கலியாண விசயம் என்று நினைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்று நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

இன்னும் உங்கள் வீட்டிலேயே இருக்கும்,
உங்கள் மூத்த மகள்